ஒட்டியிருந்த ஊசிகள்

எண்ண முடியாத எதையும் நான் நம்புவதில்லை. கம்பியை எண்ணலாம். ரிங்கை எண்ணலாம். ஒரு தூணுக்குள் எத்தனை கம்பி நிற்கிறது, அதைச் சுற்றி எத்தனை ரிங் மாட்டிக் கட்டியிருக்கிறது என்று காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் கை வைத்து எண்ணிப் பார்க்கலாம். கம்பி கட்டுகிற மேஸ்திரியாக இத்தனை காலம் தலை நிமிர்ந்து நிற்கிறேன் என்றால் அதற்கு அது ஒன்றுதான் காரணம். சந்தேகம் இருந்தால் வா, எண்ணிப்பார். அவ்வளவுதான்.

அதனால் என் மருமகள் ஒரு பிடி ஊசியைக் கொண்டு வந்து என் முன்னால் மேஜையில் கொட்டி, "மாமா, இதைக் காங்கிரீட்ல கலந்துட்டா ரிங்கைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடலாம்" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"இதென்ன, காங்கிரீட்டுக்குத் தையல் போடப் போறியா?"

"எஃகு இழை மாமா. ஊசி இல்ல."

"பார்த்தா ஊசி மாதிரி இருக்கு. குத்தினா ஊசி மாதிரி குத்துது. அப்போ ஊசிதான்."

விரல் நீளம் இருக்கும். இரண்டு முனையும் லேசாக வளைந்திருந்தது. ஸ்டேப்ளர் பின் வருமே, அது போல வரிசையாக ஒன்றோடொன்று ஒட்டி இருந்தது. ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தேன். நல்ல கம்பிதான். ஆனால் இத்தனூண்டு கம்பி ஒரு தூணைப் பிடித்து நிறுத்தும் என்று சொன்னால் நம்புகிற ஆள் நான் இல்லை.

மருமகள் எஞ்சினியர். நான் வேலை செய்த அதே கட்டடத்தில்தான் அவளுக்கும் வேலை. என் மகன் கப்பலில் எலக்ட்ரீஷியன். வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். அதனால் வீட்டில் நான், என் மனைவி, மருமகள், மூன்று பேர். சைட்டில் நடப்பதை வீட்டில் பேசக்கூடாது என்று என் மனைவி சட்டம் போட்டிருந்தாள். சாப்பாட்டு மேஜைக்குச் சிமெண்டு வாசனை வரக்கூடாதாம். ஊசி வந்த நாளோடு அந்தச் சட்டம் போயிற்று.

விஷயம் இதுதான். அந்தக் கட்டடத்துக்குக் கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்துகிற இடம். தூண் பருமனாக இருந்தால் கார் திரும்பாது. அதனால் தூண் ஒல்லியாக இருக்க வேண்டும், மேலே இருக்கிற அத்தனை மாடியையும் அதுவே தாங்கவும் வேண்டும். அதற்கு ரொம்பக் கெட்டியான காங்கிரீட் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கெட்டிக் காங்கிரீட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சாதாரணக் காங்கிரீட் தாங்க முடியாமல் போனால் முதலில் கீறல் விடும், உதிரும், நசுங்கும்; மனிதர்கள் ஓடிப்போக நேரம் கிடைக்கும். கெட்டிக் காங்கிரீட் அப்படி இல்லை. கண்ணாடி மாதிரி. கடைசி வரைக்கும் கம்மென்று இருக்கும். அப்புறம் ஒரே வெடி.

அது வெடிக்காமல் இறுக்கிப் பிடிக்கத்தான் ரிங். வரைபடத்தில் முதலில் போட்டிருந்தபடி கட்டினால் ரிங்குக்கும் ரிங்குக்கும் நடுவே என் சுண்டுவிரல் போகாது. விரலே போகாத இடத்தில் ஜல்லி எப்படிப் போகும்? வார்ப்புப் பலகையைப் பிரித்தால் தூணில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். அது எனக்கும் தெரியும். அந்த மட்டில் மருமகள் சொன்னது நியாயம்.

"ரிங்கை எண்ணலாம். இதை எண்ண முடியுமா?" என்றேன்.

"முடியாது மாமா. ஆனா எல்லா இடத்துலயும் இருக்கும்."

"எல்லா இடத்துலயும் இருக்கேன்னு சொல்றவனைத்தான் நான் முதல்ல நம்ப மாட்டேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. ஊசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டே, "இது சரியா வரலைன்னா என்னைத் திரும்ப ஆபீஸ்ல உக்கார வச்சிடுவாங்க மாமா" என்றாள்.

அதுதான் நிபந்தனை. இந்தக் கட்டடத்துக்கு முன்பு வரைக்கும் அவளை ஆபீஸ் அறையில் உட்காரவைத்து, வேறு ஆள் போட்ட வரைபடத்துக்குக் கோடு திருத்துகிற வேலைதான் கொடுத்திருந்தார்கள். சண்டை போட்டு, கெஞ்சி, இந்தத் தூண்களை மட்டும் தன் பொறுப்பில் வாங்கியிருந்தாள். முதலாளி சொன்னது சுருக்கமானது: ஆள் உயரத்தில் ஊசி போடாமல் ஒன்று, போட்டு ஒன்று என்று மாதிரித் தூண் வார்த்து, சோதனைக்கூடத்தில் நசுக்கிப் பார்ப்போம். ஊசி போட்டது நன்றாக நின்றால் மொத்தக் கட்டடமும் உன் வரைபடப்படி. நிற்கவில்லை என்றால் தலைமை ஆபீஸ் எஞ்சினியர் வருவார். நீ பழையபடி உன் நாற்காலிக்குப் போ.

காங்கிரீட் கலக்கிறவன் என் மச்சான். என் மனைவியின் தம்பி. சைட்டில் அவனுக்குப் பெயர் சல்லடை. மணலைச் சலிப்பான், சலித்ததை மறுபடியும் சலிப்பான். ஜல்லியைக் கழுவுவான். சிமெண்டு மூட்டையில் ஈரம் பட்டு ஒரு கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி இருந்தால் மூட்டையையே திருப்பி அனுப்புவான். அவன் கலவையில் கட்டி பார்த்தவன் கிடையாது. இது எங்கள் தொழிலில் சின்ன விஷயம் இல்லை. எனக்கும் அவனுக்கும் வாய்ச்சண்டை ஓய்ந்த நாள் கிடையாது. ஆனால் அவன் கலவையை மட்டும் நான் குறை சொன்னது கிடையாது.

வார்ப்பதற்கு முந்தின நாள் மருமகள் அவனிடம் ஊசிச் சாக்கைக் காட்டி, "சித்தப்பா, ஜல்லி மணலெல்லாம் போட்டதும் இதைப் பிரிச்சு அப்படியே கொஞ்சம் கொஞ்சமா போடுங்க" என்று சொன்னாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அப்படியேவா?"

"அப்படியே."

மத்தியானம் கட்டுக்கம்பி எடுக்க ஷெட்டுக்குப் போனேன். உள்ளே மச்சானும் அவன் ஆட்களும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தொட்டி, தொட்டியில் வெந்நீர், வெந்நீரில் ஊசி. ஒட்டின வரிசையை ஊறவைத்து, விரலால் தேய்த்து, ஒவ்வொன்றாகப் பிரித்துத் தார்ப்பாயில் காயப்போட்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு விரலிலாவது துணி சுற்றியிருந்தது.

"என்னடா, பூண்டு உரிக்கிறீங்களா?"

"வாங்க அத்தான், வந்து படிச்சவங்க சாமான் வாங்குற லட்சணத்தைப் பாருங்க. மொத்தச் சாக்கும் ஈரத்துல ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. இதை அப்படியே போடணுமாம். போட்டா என்ன ஆகும்? கட்டி கட்டியா நிக்கும். பேரு எனக்குத்தானே கெடும்?"

"அவ அப்படியே போடச் சொன்னாளே."

"சின்னப் பொண்ணு. அவளுக்கு என்ன தெரியும்? கலவை என்னுது."

எனக்கும் அது சரியென்றே பட்டது. ஒட்டியிருப்பதைப் பிரித்துப் போடுவது நல்லதுதானே? இன்னொரு சந்தோஷமும் இருந்தது. இந்த ஊசியைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு என்னைத் தவிர இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று. கட்டுக்கம்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் வார்த்தார்கள். மருமகள் பலகைப் பக்கம், காங்கிரீட்டை அதிரவைத்து இறக்குகிற வைப்ரேட்டர்காரனோடு நின்றாள். மச்சான் கூடையிலிருந்து ஊசியைக் கலவை மெஷினில் தூவினான். சாக்கிலிருந்து கூடைக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று அவள் நினைத்திருக்கலாம். அதற்கு மேல் அவள் பார்க்கவில்லை.

தூண் இறுகி, நாளாகி, சோதனைக்கூடத்துக்குப் போனோம். அங்கே இருக்கிற அழுத்துகிற மெஷின் இரண்டு ஆள் உயரம். சுற்றிலும் இரும்பு வலை. முதலில் ஊசி இல்லாத தூணை ஏற்றினார்கள். அழுத்தம் காட்டுகிற முள் ஏறிக்கொண்டே போனது. தூணில் ஒரு கீறல் இல்லை, ஒரு முனகல் இல்லை. நன்றாகத்தான் நிற்கிறது என்று நான் நினைத்து முடிப்பதற்குள் வெடித்தது. சில்லு வந்து வலையில் மோதின வேகத்தில் என் மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டான். தூசி அடங்கினதும் பார்த்தால் நடுவில் தூண் இல்லை. வளைந்த கம்பி மட்டும் நிற்கிறது.

"பார்த்தீங்களா மாமா? இதுக்குத்தான் சொன்னேன்" என்றாள் மருமகள். முகத்தில் பயம் இல்லை. அடுத்தது தன்னுடையது என்கிற சந்தோஷம் இருந்தது.

அடுத்தது ஊசித் தூண். முதல் தூண் தாங்கின அளவுக்குக்கூட முள் போகவில்லை. ஒரு பக்கம் மேலிருந்து கீழாக வாய் பிளந்தது. அந்தப் பக்கம் கம்பிக்கு வெளியே இருந்த காங்கிரீட் மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. மெஷினை நிறுத்திவிட்டார்கள்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு தடவைக்கு மேல் யாருக்கும் காது கொடுக்கிறவரும் இல்லை. என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க மேஸ்திரி?" என்றார்.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன். "எண்ண முடியாததை நான் நம்பறதில்லைங்க. முதல் நாளே சொன்னேன்" என்றேன்.

"அவ்வளவுதான்மா" என்று மருமகளிடம் சொன்னார். "வார முடிவுல தலைமை ஆபீஸ்காரர் வர்றாரு. வரைபடமெல்லாம் அவர்கிட்ட குடுத்துடு."

அவள் தலையாட்டினாள். நான் வலைக்குள் போய் உடைந்த துண்டுகளைக் காலால் புரட்டினேன். ஒரு துண்டுக்குள்ளிருந்து என்னவோ எட்டிப் பார்த்தது. பிடுங்கி எடுத்தேன். ஊசிதான். நூறு ஊசி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் மாதிரி ஓர் உருண்டை. உள்ளே காங்கிரீட் போகவே இல்லை. ஊதினால் சிமெண்டு தூள் பறந்தது. இன்னொரு துண்டில் இன்னோர் உருண்டை. நிமிர்ந்தால் மச்சான் என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.



அன்று சாயங்காலம் மருமகள் கூடத்தில் வரைபடங்களைச் சுருட்டிச் சுருட்டி ரப்பர் போட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்த ஊசியை ஏன் ஒட்டி வச்சிருக்கான்?" என்று கேட்டேன். என்னவோ சும்மா கேட்கிற மாதிரி.

"பசை மாமா. தண்ணி பட்டா கரையுற பசை. மெஷின் சுத்தச் சுத்தக் கொஞ்சம் கொஞ்சமா பிரிஞ்சு எல்லாப் பக்கமும் பரவும். தனித்தனியா போட்டா மெஷினுக்குள்ள விழுந்ததும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும், உருண்டையாயிடும். அதுக்குத்தான் ஒட்டி விக்கிறான்." இன்னொரு வரைபடத்தைச் சுருட்டினாள். "ஒட்டினதைத்தான் போட்டோம். அப்படியும் உருண்டையாயிருக்குன்னா நான்தான் அதிகமா போடச் சொல்லிட்டேன் போல. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

சும்மாதான் என்று ஏன் சொன்னேன்? மச்சானைக் காட்டிக்கொடுக்க மனசில்லை என்று சொன்னால் அது பாதிதான். மீதிப் பாதி, முதலாளி முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசின பேச்சு. அதை இனி விழுங்க வேண்டும். இந்த வயசில் சோறே தொண்டையில் மெதுவாகத்தான் இறங்குகிறது.

மறுநாள் மச்சானைத் தேடிப் போனேன். மணல் சலித்துக்கொண்டிருந்தான்.

"என்ன அத்தான், கம்பியை விட்டுட்டு மணல் பக்கம்?"

"உன் அழகு முகத்தைப் பார்க்கலாம்னு."

"பார்த்தாச்சுல்ல, போங்க."

"நீயே போய்ச் சொல்லிடுடா."

சல்லடை நின்றது. என்ன என்று அவன் கேட்கவில்லை. பசை எதற்கு என்று மருமகள் சொன்னதைச் சொன்னேன். பாதியிலேயே கை நீட்டித் தடுத்தான்.

"நான் என்ன கலப்படமா பண்ணேன்? ஒட்டிக்கிட்டிருந்ததைப் பிரிச்சேன். சோத்துல கல்லு பொறுக்குறது ஒரு தப்பா?"

"நீ பொறுக்கி எறிஞ்சது கல்லு இல்லடா. சோறு."

"அத்தான், என் கலவைல கட்டின்னு இதுவரைக்கும் ஒருத்தன் சொன்னதில்ல. நானே போய், நான் போட்ட கட்டிதான் அதுன்னு சொல்லணுமா? நாளைக்கு இந்த மெஷின் பக்கம் என்னை நிக்க விடுவானா? இவனுங்க எனக்கு வேற பேரு வைப்பானுங்க."

"அந்தப் பொண்ணு தன் மேலேயே தப்புன்னு நினைச்சுக்கிட்டிருக்கா."

"அது உங்க மருமக. நான் உங்க மச்சான். யாரு வேணும்னு நீங்களே பார்த்துக்கோங்க." மறுபடி சலிக்க ஆரம்பித்தான். சலித்து முடித்த மணலைத்தான் சலித்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். தம்பிக்காக என் மேல் பாய்வாள் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னேன். பாய்ந்தால், அதைச் சாக்காக வைத்து வாயை மூடிக்கொள்ளலாம். அவள் துணி மடித்துக்கொண்டே முழுசாகக் கேட்டாள்.

"தப்பு அவனுதுன்னா சொல்லித்தான் ஆகணும். ஆனா நீங்க சொல்லாதீங்க."

"ஏன்?"

"உங்க வாயில நல்லது வந்தாக்கூட அடிக்கிற மாதிரிதான் வரும். அவனையே சொல்ல வையுங்க. அவன் காதால கேட்டு நம்புற ஜாதி இல்ல. கண்ணுல காட்டுங்க. நீங்க ரெண்டு பேரும் அதுல ஒண்ணு."

அதுவும் சரிதான் என்று அடுத்த நாள் காலையில் மச்சானை இழுத்துக்கொண்டு சின்ன மிக்சருக்குப் போனேன். அவன் பிரித்து வைத்த ஊசி தகர டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எங்கே வீசுவான், அதையும் துடைத்து வைத்திருந்தான். சாக்கில் ஒட்டின ஊசியும் இருந்தது. ஒரு கலவையில் அது, ஒரு கலவையில் இது. மற்றதெல்லாம் அவன் கையாலேயே அளந்து போட்டான். ஒட்டின ஊசியைப் போட்ட கலவையைக் கொட்டும்போது கரண்டியில் தடங்கலே இல்லை. கிளறின பக்கமெல்லாம் ஒன்றும் இரண்டுமாக ஊசி மினுங்கியது. பிரித்த ஊசிக் கலவையில் மெஷின் கடக் கடக் என்று அடித்துக்கொண்டது. கொட்டினால் முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி மூன்று நாலு உருண்டை.

இரண்டையும் இரண்டு வாளியில் நிரப்பினான். மத்தியானம் வாளிகளையும் காணவில்லை, அவனையும் காணவில்லை. மறுநாளும் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் தலைமை ஆபீஸ்காரர் வந்துவிட்டார்.

ஆபீஸ் அறையில் முதலாளி, தலைமை ஆபீஸ்காரர், நடுவில் மேஜை, மேஜை மேல் மருமகளின் சுருட்டின வரைபடங்கள். என்னைக் கூப்பிட்டது ரிங் பழையபடி நெருக்கிக் கட்ட எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்க. நான் வாசற்படியைத் தாண்டினதுமே சொன்னேன்.

"ரிங்கு அப்புறம். அந்த ஊசி மேல தப்பு இல்லைங்க. போட்ட விதம் தப்பு. ஒட்டியிருந்ததைத் தண்ணில ஊறவச்சு உரிச்சுப் போட்டிருக்கு. அதான் உருண்டையாயிடுச்சு. அப்படியே போடச் சொன்னது இவ. உரிச்சது என் மச்சான். உரிக்கிறதை நான் கண்ணால பார்த்தேன்."

மருமகள் எழுந்து நின்றுவிட்டாள். "பார்த்தீங்களா? எப்ப மாமா?"

"வார்க்கறதுக்கு முந்தின நாள்."

"அன்னிக்கு நான் பசையைப் பத்திச் சொன்னப்போ உங்களுக்குத் தெரியும்?"

"நீ சொல்லித்தான் தெரிஞ்சுது."

"சும்மாதான்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

அவள் அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலாளி சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "என்ன மேஸ்திரி, அன்னிக்கு ஊசியை நம்ப மாட்டேன்னு சொன்னது இதே வாய்தானே? மருமக வேலை போகப் போகுதுன்னதும் வீட்டுல உக்காந்து கதை கட்டிட்டு வந்தீங்களா? இங்க இல்லாத மச்சான் தலையில போட்டுட்டா ஆச்சா?"

வாழ்நாள் முழுக்க மற்றவன் பேச்சை நம்பாதவன் நான். இப்போது என் பேச்சை ஒருத்தன் நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன்.

அப்போது வெளியே தரையில் இரும்பு மோதுகிற சத்தம். திறந்திருந்த சன்னல் வழியே பார்த்தால் மச்சான். குளித்து, வெளுத்த சட்டை போட்டிருக்கிறான். பக்கத்தில் தள்ளுவண்டி, வண்டியில் இரண்டு வாளி. கையில் சம்மட்டி.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய வர்றீங்களா?" என்றான். "உள்ள உடைச்சா தரை போயிடும்."

வாளியைக் கவிழ்த்துத் தட்டினான். இறுகின காங்கிரீட் பானை மாதிரி வெளியே வந்தது. முதலில் பிரித்த ஊசி போட்டது. ஒரே அடி, மூன்றாகப் போனது. உருண்டைகள் தரையில் ஓடின. ஒன்றைப் பொறுக்கி முதலாளியின் கையில் வைத்தான்.

"இது நான் உரிச்சது."

அப்புறம் இரண்டாவது. அடித்தான். கீறல் விட்டது. மறுபடி அடித்தான். கீறல் பெரிதாயிற்று, பிரியவில்லை. வெளுத்த சட்டை நனைந்து முதுகில் ஒட்டுகிற வரைக்கும் அடித்தான். நூறு கீறல் விட்டும் துண்டு துண்டாகத் தொங்கிக்கொண்டு கிடந்ததே தவிர, விட்டுப் போகவில்லை. கீறலுக்குள் பார்த்தால் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஊசிகள் பிடித்துக்கொண்டிருந்தன.

"இது அந்தப் பொண்ணு சொன்னபடி." சம்மட்டியைக் கீழே போட்டான். "நான் கேக்கல. எனக்குத்தான் எல்லாம் தெரியும்னு நினைச்சேன். இதுல கதையும் இல்ல, கட்டும் இல்ல. ரெண்டு நாள் இது இறுகட்டும்னு வீட்டுல உக்காந்திருந்தேன். அதான் வேலைக்கு வரல."

தலைமை ஆபீஸ்காரர் குனிந்து அந்தக் கீறல்களை ரொம்ப நேரம் பார்த்தார். "இன்னொரு தூண் வார்த்துப் பார்க்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார் முதலாளியிடம்.

முதலாளி உருண்டையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே, "வார்க்கலாம். ஆனா இந்த ஆளு மெஷின் கிட்ட வரக்கூடாது" என்றார்.

"அவர்தான் கலக்கணும்" என்றாள் மருமகள். "கட்டி வரக்கூடாதுங்கறதுல அவரை விட அக்கறை உள்ள ஆளு இங்க யாரும் இல்ல. இந்தத் தடவை நான் பக்கத்துலயே நிப்பேன்."

நின்றாள். கூடையில்லை, டப்பாவில்லை, சாக்கை அவள் பிரித்துக் கொடுக்க, மச்சான் ஒட்டின ஊசியை ஒட்டினபடியே தூவினான். கை கூசியிருக்கும் அவனுக்கு. ஒரு தடவை தன்னையறியாமல் ஒரு வரிசையை விரலால் பிரிக்கப் போனான். "சித்தப்பா!" என்று ஒரு அதட்டல். நெருப்பைத் தொட்ட மாதிரி போட்டான்.

மறுபடி சோதனைக்கூடம். முள் ஏறியது. முதல் தூண் வெடித்த அளவைத் தொட்டதும் என் கால் தானாகப் பின்னால் போனது. வெடிக்கவில்லை. கிர்ரென்று ஒரு சத்தம், மயிரிழை போல ஒரு கீறல். அப்புறம் இன்னொன்று. முள் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. தூண் முனகிக்கொண்டே, கீறிக்கொண்டே நின்றது. மெஷின்காரர் டீ குடித்துவிட்டு வரலாம் என்று ஜோக்கடித்தார். வெளிக் காங்கிரீட் பாளம் பாளமாக விலகியும் விழவில்லை, ஊசியில் தொங்கியது. ஒரு மாடி இப்படி முனகினால் கீழே இருக்கிறவன் சாவியைத் தேடி எடுத்து, காரை ஓட்டிக்கொண்டு போயே விடலாம்.

முதலாளி வரைபடச் சுருளை மருமகள் கையில் கொடுத்தார். மச்சான் என் விலாவில் இடித்து, "இப்பவாவது நம்பறீங்களா அத்தான்?" என்றான்.

"இந்தத் தூணை நம்பறேன். அடுத்ததை ஊத்தும்போது பார்க்கலாம்."

அது பொய்யில்லை. எண்ண முடியாத சாமானை இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று யோசித்தேன். எண்ண முடிகிறது என்பதால் மட்டும் ரிங்கை யார் எண்ணினார்கள்? என்னை நம்பித்தான் ஊற்றினார்கள். நான் கட்டினேன் என்றால் சரியாக இருக்கும் என்று. மருமகளும் அப்படித்தான். என் தூணை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

கீழ்த்தளத்தில் முதல் நிஜத் தூணுக்குக் கம்பி கட்டி முடித்தேன். அவள் வரைபடத்தில் போட்டிருந்த தூரத்தில்தான் ரிங். என் ஆட்கள் "இவ்வளவு தள்ளியா மேஸ்திரி?" என்று கேட்டார்கள். "போட்டிருக்கிறபடி கட்டு" என்றேன். ஒன்றிரண்டு கூடச் சொருகலாமா என்று கை துறுதுறுத்தது. சொருகவில்லை.

வீட்டில் அவள் என்னிடம் பேசுவாள். சாப்பிடக் கூப்பிடுவாள், மாத்திரை எடுத்துத் தருவாள். கப்பலிலிருந்து என் மகன் போனில் வந்தால் என்னிடம் கொடுப்பாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அன்று தூணைப் பார்க்க வந்தாள். வந்ததும் கையெழுத்துப் போடவில்லை. இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தாள். கீழ் ரிங்கிலிருந்து மேல் ரிங் வரைக்கும் ஒவ்வொன்றாக அளக்க ஆரம்பித்தாள். என் ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். என் வேலையை டேப் வைத்து யாரும் அளந்தது கிடையாது.

டேப்பின் நுனி கம்பியில் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்ததும் நான் போய் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"இழுத்துப் பிடிங்க மாமா" என்றாள். "தொய்யுது."

இழுத்துப் பிடித்தேன். அடுத்ததற்கு ஏணியில் ஏறினாள். நானும் நுனியை ஒரு ரிங் மேலே மாற்றினேன்.